முன்னால் வரைந்த கால்

நான் வரைந்த ஒரு கேலிச்சித்திரத்தைப் பார்த்துவிட்டு, பிரசவத்துக்குப் பத்து நாள் இருந்த ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்துவிட்டாள். இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. எழுதி வைக்கலாம் என்று உட்காரும்போதெல்லாம் என் கை முதலில் பட்டியல்தான் போடுகிறது: அவளுக்கு மீதமிருந்த நாட்கள், மலையிறங்கும் பாதையின் சரிவு, டோலி தூக்க வரக்கூடிய ஆட்கள், அவள் மறுத்ததற்கான காரணங்கள். கடைசிப் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். அந்த வரி நான்.

பாலிடெக்னிக்கில் சிவில் முடித்த கையோடு ஜவ்வாது மலையில் ஒரு சாலைத் திட்டத்தின் முகாம் அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. வரைபடம் போடும் ட்ராஃப்ட்ஸ்மேன். பெண்ணாக இருந்தாலும் உத்தரவில் அப்படித்தான் அடித்திருந்தார்கள். அலுவலகம் என்பது இரண்டு அறை ஓட்டுக் கட்டடம். ஓர் அறையில் ஓவர்சியர், மற்றதில் நானும் என் வரைபலகையும். நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடிக்கும் செயின்மேன் உள்ளூர்க்காரர். சாமையும் புளியும் கொஞ்சம் நிலத்தில் வைத்திருந்தார், மீதி நேரம் எங்களோடு. நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை அம்மா என்பார், என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருந்தும்.

நாங்கள் வரைந்துகொண்டிருந்த சாலை நான் போவதற்கு முன்பே இரண்டு முறை வரையப்பட்டிருந்தது. முதல் வரைபடம் அலமாரியில் சுருண்டு கிடந்தது. இரண்டாவது, மேலதிகாரிகளின் குறிப்போடு திரும்பி வந்திருந்தது. மூன்றாவதை நான் வரைந்தேன். சாலை வரும்வரை, நோயாளிகள் கீழே படவேட்டுப் பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் டோலியில்தான் போனார்கள். ஒரு நீள மூங்கில், அதில் இரண்டு முனையும் முடிச்சிட்ட ஒரு கம்பளி, இரண்டு பேர் தோள். அவ்வளவுதான் டோலி.

அவசரநிலை முடிந்த பிறகு பத்திரிகைகள் மறுபடியும் துணிச்சலாகப் படம் போடத் தொடங்கியிருந்த காலம் அது. ஊரிலிருந்து அப்பா அனுப்பும் வாரப் பத்திரிகைகளில் நான் முதலில் பார்ப்பது கேலிச்சித்திரங்களைத்தான். அவற்றை ரசித்தேன் என்பதைவிடக் கணக்கெடுத்தேன் என்பதே சரி. ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன்: நாற்காலி என்றால் பதவி. கிழிந்த பனியன் போட்ட ஒல்லி மனிதன் என்றால் பொதுமக்கள். தொந்தியும் மோதிரமும் என்றால் பதுக்கல்காரன். நாடா கட்டிய கோப்பு என்றால் தாமதம். கவிழ்ந்த பானை என்றால் தண்ணீர்ப் பஞ்சம். எங்கள் வேலையும் அதுதான் என்று எனக்குப் பட்டது. நில வரைபடத்தில் சிறு வட்டம் போட்டால் கிணறு, இரட்டைக் கோடு போட்டால் சாலை, புள்ளிக் கோடு போட்டால் ஒற்றையடிப் பாதை. வரைபடத்தின் மூலையில் எந்தக் குறிக்கு என்ன பொருள் என்று ஒரு கட்டம் போட்டு எழுதிவிடுவோம். கேலிச்சித்திரத்துக்கு அந்தக் கட்டம் தேவையில்லை, பார்த்தவுடனே எல்லோருக்கும் புரியும் என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன்.

நானும் ஒன்று வரைந்தேன். டோலி ஒன்று பார்ப்பவரை நோக்கி வருகிறது. அதன் கழி மூங்கில் அல்ல, சுருட்டிய சாலை வரைபடம். முனையிலிருந்து நாடா தொங்குகிறது. முன்னால் தூக்குபவன் மலைக்காரன். பின்னால் தூக்க ஆளில்லை, கழியின் அந்த முனை ஒரு அலுவலக நாற்காலியின்மேல் கிடக்கிறது. நாற்காலி நகராது, ஆகவே டோலியும் நகராது. டோலிக்குள் படுத்திருப்பது மலை. மலையை மனித உருவில் காட்ட வேண்டும் என்பதால் ஒரு பெண்ணை வரைந்தேன். டோலி நம்மை நோக்கி வருவதால் அவளுடைய பாதம் முன்னால் வந்து பெரிதாகத் தெரிந்தது. பாதத்தை நன்றாகப் போட்டிருந்தேன். முகம் பின்னால் சின்னதாக, கம்பளிக்குள் பாதி மறைந்திருந்தது.

அந்தப் பாதம் எங்கிருந்து வந்தது என்று வரையும்போது நான் யோசிக்கவில்லை. செயின்மேனின் மனைவி மத்தியானம் சோற்றுப் பாத்திரம் கொண்டுவருவாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள். மாசமாக இருந்ததால் வந்தவுடன் என் ஜன்னலுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். அவளுடைய இடது காலில் ஆறு விரல். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி விரல். எதைப் பார்க்கிறாயோ அதைப் போடு, ஊகித்துப் போடாதே என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பார்த்த கால் அது ஒன்றுதான். ஆறு விரலையும் போட்டுவிட்டேன்.

டிரேசிங் தாளில் வரைந்து, அதை வெள்ளைத் தாளில் படியெடுத்து, பெயர் போடாமல் ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். மூலத்தை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். எதை அனுப்பினாலும் பிரதி இருக்க வேண்டும், அது அலுவலகப் பழக்கம்.

அடுத்த மாதம் படம் அச்சாகி வந்தது. என் வேலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வேலை. திட்டத்தைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பேசுவது வேறு, வரைவது வேறு என்று வாதாடலாமா என்றெல்லாம் யோசித்தேன். ஓவர்சியர் அதே பத்திரிகையை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்தப் படத்தப் பாத்தியா?"

"பார்த்தேன் சார்."

"யாரு போட்டிருப்பான்?"

"தெரியல சார்."

அவர் படத்தை என் பக்கம் திருப்பினார். "இந்த நாற்காலியப் பாரு. ஒரு கை ஒடஞ்சு, சணல் கவுறு போட்டுக் கட்டிக் கீது." பிறகு தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் இடது கையைத் தட்டினார். அதிலும் சணல் கயிறு. "நாட்டுல இருக்கற நாற்காலியெல்லாம் இப்படித்தான் போல."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காததே எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அதிகாரம் என்பதற்குப் பொதுவாக ஒரு நாற்காலி வரைந்ததாகத்தான் நான் நினைத்திருந்தேன். அவருடைய நாற்காலியை வரைந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அன்று மாலை நோட்டில், வேலை போனால் செய்ய வேண்டியவை என்று எட்டு வரி எழுதினேன். வேறு எதற்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மூன்று வாரம் கழித்து நர்ஸம்மா மலைக்கு வந்திருந்தார். செயின்மேனின் மனைவியைப் பார்த்துவிட்டு, குழந்தை தலை கீழே இல்லை, காலை முன்னே வைத்துக்கொண்டிருக்கிறது, வலி வரும்வரை காத்திருக்காமல் இப்போதே கீழே கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு இது இரண்டாவது. முதல் குழந்தை வீட்டிலேயே பிறந்து தங்காமல் போயிருந்தது. வெள்ளிக்கிழமை இறங்குவதாக முடிவாயிற்று. தூக்க ஆட்களுக்கும் சொல்லியாயிற்று. மலைப்பாதையில் நல்ல நடையாக இறங்கினால் மூன்று மணி நேரம், டோலியோடு ஐந்து.

வெள்ளிக்கிழமை காலையில் செயின்மேன் வேலைக்கு வந்து நின்றார்.

"இன்னாண்ணா, நீங்க கீழ போகலயா?"

"அவ வரமாட்டேன்றாம்மா."

"ஏன்?"

அவர் சட்டைப் பையிலிருந்து எண்ணெய் பட்ட ஒரு தாளை எடுத்தார். சந்தையில் வெல்லம் கட்டிக் கொடுத்த தாள். மடிப்பைப் பிரிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

"இத எவன் எழுதினானோ தெரியல. டோலியில பொணத்தப் போட்டுக் கீறான். அதுவும் அவ கால அப்படியே போட்டுக் கீறான் பாருங்க, ஆறு வெரலு. சந்தையில இருந்தவங்கல்லாம் பாத்துட்டு எங்கிட்ட வந்து உம் பொண்டாட்டியான்னு கேக்கறாங்க."

"பிணமா? அது நோயாளிதானே?"

அவர் என்னைப் பொறுமையாகப் பார்த்தார். "உசுரு இருக்கறவங்கள தலைய முன்ன வெச்சுத்தாம்மா தூக்குவோம். கால் முன்ன போனா அது சுடுகாட்டுக்கு."

எத்தனையோ முறை டோலி போனதை என் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். எந்த நாள், எத்தனை பேர், என்ன நோய் என்றுகூட நோட்டில் குறித்திருக்கிறேன். தலை எந்தப் பக்கம் என்று குறிக்கவில்லை. பார்த்ததைத்தான் போடுவேன் என்று பெருமைப்பட்டுக்கொண்ட நான், பார்க்காததை ஊகித்துப் போட்டிருக்கிறேன்.

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "கொழந்தையும் கால முன்ன வெச்சுக்கிட்டுக் கீதாம், படத்துலயும் கால் முன்ன கீதாம். ரெண்டும் ஒண்ணத்தான் சொல்லுதாம். டோலியில ஏறினா திரும்ப மாட்டேன், சாவறதா இருந்தா வூட்லயே சாவறேன்றா. இன்னா சொன்னாலும் கேக்கல."

பலகைக்குத் திரும்பி ஒரு மணி நேரம் சாலையின் ஒரு வளைவை வரைந்தேன். மை இரண்டு இடத்தில் ஊறிவிட்டது. அப்படி எனக்கு நடந்ததே இல்லை. சொன்னால் வேலை போகலாம், இந்த மலையில் யார் முகத்திலும் விழிக்க முடியாமல் போகலாம். சொல்லாவிட்டால் அவள் வீட்டில் இருப்பாள், வலி வரும். பத்து நாள் என்பது நர்ஸம்மாவின் கணக்கு, அது எட்டாகவும் இருக்கலாம். நோட்டைத் திறந்து இரண்டையும் இரண்டு பத்தியாக எழுதப் பார்த்தேன். இரண்டாவது பத்தியில் முதல் வரியை எழுதியதுமே மூடிவிட்டேன்.

இழுப்பறையிலிருந்து மூலப்படத்தை எடுத்துக்கொண்டேன். மை, பேனா, ஒரு புது பிளேடு. ஓவர்சியரிடம் போய், சொந்த வேலை, இன்றும் நாளையும் விடுப்பு வேண்டும் என்றேன். என் கையிலிருந்த சுருளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போய்ட்டு வாம்மா. நாற்காலி எங்கயும் போகாது."

அவள் வீட்டு வாசலுக்கு வெளியே, வெயில் படாத பக்கம் சுவரில் சாய்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"வாக்கா. அவரு சொல்லி அனுப்பிச்சாரா? புத்தி சொல்ல வந்தியா?"

"இல்ல. படத்த வரஞ்சது நான்தான்."

சுருளைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். பின்னாலேயே வந்திருந்த செயின்மேன் அப்படியே நின்றுவிட்டார். அவள் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள்.

"நான் உனக்கு இன்னா பண்ணேன்கா?"

"ஒண்ணும் பண்ணல. அது நீ இல்ல. மலைக்கு ரோடு இல்லேன்னு சொல்றதுக்காகப் போட்டது. மலையத்தான் ஒரு பொம்பளையா..."

"மலைக்கு ஆறு வெரலா?"

செயின்மேன், "அம்மா தெரியாம பண்ணிட்டாங்க, வுடு" என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"படிச்சவதான நீ? தல எந்தப் பக்கம் இருக்கணும்னுகூடவா சொல்லித் தரல?"

"தரல. இப்ப மாத்தறேன்" என்றேன்.

கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் தோன்றியது. "மாத்தட்டுமா?"

"மையில போட்டத எப்படி மாத்துவ?"

அது எனக்குத் தெரிந்த வேலை. டிரேசிங் தாளில் மை மேலாகத்தான் உட்காரும். பிளேடைப் படுக்கவைத்து மெல்லச் சுரண்டினால் வந்துவிடும். சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும், இல்லாவிட்டால் புது மை ஊறி விரியும். மரப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் தாளை வைத்துத் தொடங்கினேன். தாள் கிழிந்தால் வேறு பிரதி கிடையாது. முதலில் ஆறாவது விரல் போயிற்று. பிறகு ஒவ்வொன்றாக மற்றவை, பாதம், கணுக்கால். அவள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்தாள். என் தோளுக்குப் பக்கத்தில் அவள் மூச்சு விடுவது கேட்டது.

"இப்ப தலையப் போடணும். யார் முகத்தப் போடட்டும்? யாரும் இல்லாத மாதிரி ஒண்ணு போடறேன்."

"யாரும் இல்லாத மூஞ்சி எங்க கீது? என்னுதையே போடு. வேற எவளையாச்சும் போட்டு, அவ பாத்துட்டு அழுவறதுக்கா?"

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். பயம் இருந்தது, கோபமும் இருந்தது. வரையும்போது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "கண்ணு தொறந்து இருக்கட்டும்."

முடித்தபோது முன்னால் ஒரு தலை பெரிதாக, கண்ணைத் திறந்துகொண்டு, பார்ப்பவரையே பார்த்தபடி வந்தது. கால் பின்னால், கம்பளிக்குள். கேலிச்சித்திரம் என்ற வகையில் முதலில் இருந்ததைவிட அது நன்றாக இருந்தது என்று தோன்றியது. தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

அவள் மையில் விரல் படாமல் தாளைத் தூக்கிப் பார்த்தாள். "அச்சுல வந்தத இன்னா பண்ணுவ?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். "ஒண்ணும் பண்ண முடியாது. போனது போனதுதான்."

அவள் கணவனிடமிருந்து வெல்லத் தாளை வாங்கி இரண்டையும் அருகருகே வைத்தாள். பிறகு தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னாள். "கீழ கீறவங்களுக்கு ஆறு வெரலு யாருன்னு தெரியுமா? அவங்களுக்கு அது யாரோ. இங்கதான் அது நான்." வெல்லத் தாளை மடித்துக் கணவனிடம் நீட்டினாள். "கொளுத்தாத. ஓடையில வுட்டுடு."

அது சம்மதமா என்று எனக்குத் தெரியவில்லை. செயின்மேன் போய்விட்டுத் திரும்பும்வரை அவள் புளியைக் கூடையில் அள்ளிப் போட்டாள். அவர் வந்ததும், "நாளைக்குக் காலையில ஆளுங்கள வரச் சொல்லு. இந்த அக்காவும் கூட நடக்கணும். படத்த எடுத்துக்கிட்டு வரணும்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பும்போது எனக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. தலை முன்னே என்றால், இறக்கத்தில் தலைதான் தாழ்ந்திருக்கும். அந்தப் பாதையின் சரிவு என் வரைபடத்தில் எண்ணாக இருந்தது: மோசமான இடங்களில் ஆறு அடிக்கு ஓர் அடி இறக்கம். நிறைவயிற்றோடு ஐந்து மணி நேரம் தலைகீழாகத் தொங்கவிடுவதா? காலை முன்னே திருப்புங்கள் என்று சொல்ல இந்த மலையில் எனக்கு மட்டும் வாயே இல்லை. முடிச்சைப் பார்த்தேன். கம்பளியின் இரண்டு முனையும் ஒரே உயரத்தில் தொங்கின.

"அண்ணா, முன் முடிச்ச கழியோட ஒட்டிக் கட்டுங்க. பின் முடிச்சு ஒரு அடி எறங்கட்டும். ஒயரமான ஆளு முன்னாடி வரட்டும்."

தூக்க வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். "ஆபீசு டோலியா இது? அளவெடுத்துக் கட்டறீங்க."

"கட்டுய்யா" என்றாள் வீட்டுக்குள் இருந்தவள். "நேத்து இந்தம்மா என்னப் பொணமாக்கிச்சு. இன்னிக்கு அது சொல்ற மாதிரி கட்டு, பாக்கலாம்."

சமதளத்தில் டோலி விகாரமாக இருந்தது, தலை தூக்கலாகவும் கால் தாழ்வாகவும். முதல் இறக்கத்தில் கால் வைத்ததும் மட்டமாயிற்று. நான் ஒரு மைப்புட்டியில் பாதித் தண்ணீர் ஊற்றி டோலிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டே நடந்தேன். தண்ணீர்க் கோட்டையும் அவள் கிடந்த கோட்டையும் பார்த்துப் பார்த்து, தேவையானபோது நிறுத்தி முடிச்சை மாற்றச் சொன்னேன். பதினோரு முறை நிறுத்தினோம். ஒவ்வொரு முறையும் அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "ஆடுது" என்பாள். ஏழாவது நிறுத்தத்தில் அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, செயின்மேனும் கேட்கவில்லை. அடுத்த வளைவு வரை அப்படியே நடந்தோம். பிறகு "ஆடுது" என்றாள்.

அடிவாரத்தில் மாட்டு வண்டி, அங்கிருந்து பஸ், ஆஸ்பத்திரி. ஆறாம் நாள் குழந்தை பிறந்தது. நர்ஸம்மா சொன்ன கணக்கில் நான்கு நாள் முன்னதாக. குழந்தை திரும்பவே இல்லை, காலைத்தான் முன்னே வைத்து வந்தது. டாக்டர் அம்மா இரண்டு மணி நேரம் போராடினார் என்று செயின்மேன் சொன்னார். பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

நான் போய்ப் பார்த்தபோது அவள் முதலில் சொன்னது, "அஞ்சுதான். எண்ணிட்டோம்."

என் வேலை போகவில்லை. ஓவர்சியர் ஒருநாள் தச்சரைக் கூப்பிட்டு நாற்காலியின் கையைச் சரிசெய்துகொண்டார், அவ்வளவுதான். சாலையின் மூன்றாவது வரைபடமும் மேலே போய் இன்னும் திரும்பவில்லை. திருத்திய படம் என்னிடம் இல்லை. அவள் அதைத் தன் வீட்டுக்குள் கஞ்சியால் சுவரில் ஒட்டிவிட்டாள். பிரதி எடுத்துக்கொண்டு தருகிறேன் என்று கேட்டேன், தர முடியாது என்றாள்.

பத்திரிகைக்கு இப்போதும் வரைகிறேன். அனுப்பும் முன் அவளிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். ஒவ்வொரு உருவத்தின்மேலும் விரலை வைத்து, "இது யாரு?" என்பாள். யாருமில்லை, பொதுவாக மக்கள் என்று சொன்னால் நம்புவதில்லை. போன வாரம் தண்ணீர்க் குழாயடியில் காலிக் குடத்தோடு நிற்கும் ஒரு ஒல்லி மனிதனைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாரு?"

"யாருமில்ல."

"அப்ப இன்னாத்துக்கு எங்க வூட்டுக்காரரு மூக்கு?"

வீட்டுக்குக் கொண்டுவந்து மூக்கைச் சுரண்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். யார் மூக்கை வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.